அம்மாவுக்கு பிஎஸ்பி: பதில் வரும், கொஞ்சம் பொறுங்கள்

பிப்ரவரி 3, 2024
சிங்கப்பூர், உட்லண்ட்ஸ் வாசகி ஒருவரின் கேள்வி:
"அம்மாவுக்கு வயது 69. ரொம்ப நாளாகப் பார்க்கின்சன் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தோம். போன மாதம், இது பார்க்கின்சன் இல்லை, பிஎஸ்பி என்று மாற்றிச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, 'இதுவும் மறதி நோய்தான், இனி அவளுக்கு ஆள் அடையாளம் தெரியாது, பேசிப் பிரயோசனமில்லை' என்கிறார். எதைக் கேட்டாலும் அம்மா பதில் சொல்வதில்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. பெரியம்மா சொல்வது சரியா?"

பிப்ரவரி 3, இரவு
சரியில்லை. பெரியம்மாவோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். அவர் பேச்சை நம்பவும் வேண்டாம்.

என் அம்மாவுக்கும் இதேதான். 2022 இல் தவறினார். புரோக்ரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்ஸி என்பது முழுப்பெயர். எங்கள் வீட்டில் யார் வாயிலும் அது நுழையவில்லை. கடைசிவரை "அம்மாவோட கண்ணு வியாதி" என்றுதான் சொன்னோம். டாவ் என்ற புரதம் மூளைச் செல்களுக்குள் கட்டிக்கொண்டு அவற்றை அழிக்கிறது. அல்சைமர் என்ற மறதி நோயில் முதலில் அடிபடுவது நினைவு. இதில் முதலில் போவது சமநிலை, கண்ணசைவு, யோசனையின் வேகம். ஆளைப் பெரும்பாலும் தெரியும். பதிலும் உள்ளே இருக்கும், வெளியே வந்து சேரத்தான் நேரமாகும். நாம் அதுவரை நிற்பதில்லை.

ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள். நடுவில் இரண்டாவது கேள்வி வேண்டாம். அதைக் கேட்டால் முதல் பதில் பாதி வழியிலேயே திரும்பிப் போய்விடும்.

பிப்ரவரி 4
இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இராது. சிலருக்கு ஆரம்பத்திலேயே சுபாவம் மாறும்: யார் மேலும் அக்கறை இல்லாததுபோல் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது யோசிக்காமல் எதையாவது செய்துவிடுவார்கள். சிலருக்குப் பின்னால் புத்தியும் தடுமாறும். என் அம்மாவை வைத்து உங்கள் அம்மாவுக்கு உத்தரவாதம் தர முடியாது. ஆனால் முகம் அசையவில்லை என்பதற்காக மனசும் அசையவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முகத்துத் தசையை நோய் இறுக்கிவிடுகிறது. கண் இமைப்பதும் குறைந்துபோகிறது. பார்க்கிறவர்களுக்கு முறைப்பதுபோல் இருக்கும். எங்கள் மாமி ஒருவர், "உங்கம்மா என்மேல என்ன கோவத்துல இருக்கா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் வரவேயில்லை.

பிப்ரவரி 4, மதியம்
பார்க்கின்சன் என்று ஏன் முதலில் சொன்னார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இது அநேகமாக எல்லா பிஎஸ்பி குடும்பத்துக்கும் நடப்பது. இரண்டிலும் நடை தளரும், உடம்பு இறுகும். பார்க்கின்சன் லட்சத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு வருகிறது, பிஎஸ்பி ஐந்தாறு பேருக்குத்தான். அதனால் எந்த மருத்துவருக்கும் முதலில் அதுதான் தோன்றும். வித்தியாசம் போகப்போகத் தெரியும்: லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரை சரியாகக் கேட்காது, நோய் தொடங்கிய முதல் சில வருடங்களிலேயே விழ ஆரம்பிப்பார்கள், அதுவும் பின்பக்கமாக. கண்ணை மேலும் கீழும் அசைக்க முடியாது.

என் அம்மாவுக்கு முதலில் காதுப் பிரச்சினை என்றார்கள். தலைசுற்றலுக்கு மாத்திரை. அப்புறம் கண்ணாடியை மாற்றினார்கள், திரும்பவும் மாற்றினார்கள். பிறகு பார்க்கின்சன். கிளினிக்கின் பெயரைச் சொல்லப் போவதில்லை, யாரையும் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் தன் விரலை மேலிருந்து கீழே கொண்டுபோய், "விரலையே பாருங்கம்மா" என்றார். அம்மாவின் கண் நடுவிலேயே நின்றுவிட்டது. பிறகு அவரே அம்மாவின் தலையைப் பிடித்து மேலே நிமிர்த்தினார், கண் கீழே போனது! கண் தசை கெடவில்லை, அதை நடத்தும் மூளைப் பகுதிதான் கெட்டிருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம்.

பிப்ரவரி 6
ஸ்கேனைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், எம்ஆர்ஐ படத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் நடுமூளை சுருங்கி, நீள அலகுள்ள ரீங்காரச்சிட்டு (ஹம்மிங்பேர்டு) மாதிரி தெரியும். மருத்துவர்களே அதைப் பறவை பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். தம்பி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான். ஏன் எடுத்தான் என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது.

இதைத் தனி நோயாக அடையாளம் காட்டி எழுதியவர்கள் டொரொன்டோவில் இருந்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஒல்ஷெவ்ஸ்கி என்ற மூன்று மருத்துவர்கள், 1964 இல். அறுபது வருடமாகியும் நோயைத் தடுத்து நிறுத்த மருந்து இல்லை. இருப்பதெல்லாம் விழாமல் பார்த்துக்கொள்வதும், விக்காமல் ஊட்டுவதும்தான்.

பிப்ரவரி 9
அம்மா மலேசியாவின் ஜோகூரில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாணமாகி இங்கே வந்தார். 70களில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களை வலைவீசித் தேடிக்கொண்டிருந்த நேரம். அம்மாவும் போனார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை மின்னணுச் சில்லில் (சிப்) ஒட்டும் வேலை. வருடக்கணக்காகச் செய்தார். தோட்டத்து மலாய் சரளமாக வரும், லைனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்திகளிடம் கற்ற ஹொக்கியன் மொழி அரைகுறையாக வரும்.

யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: நுண்ணோக்கியால் இந்த நோய் வரவில்லை. சித்தப்பா அப்படித்தான் நம்புகிறார், "அன்னைக்கே சொன்னேன்" என்கிறார். அன்றைக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இது ஏன் வருகிறது என்று காரணம் காட்ட முடிவதில்லை. பரம்பரையாக வருவதும் மிக அரிது. பிள்ளைகள் பயப்பட வேண்டாம் என்று எங்களுக்கும் சொன்னார்கள்.

பிப்ரவரி 10
முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்ன அன்பருக்கு. ஐயா, உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் இந்த நோய்க்கு மட்டும் அதைச் சொல்லாதீர்கள். கரீபியன் தீவான குவாதலூப்பில் பிஎஸ்பி போன்ற நோய் வழக்கத்தைவிட அதிகம் என்று கண்டு ஆராய்ந்தார்கள். 1999 இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, முள்சீத்தா குடும்பத்துப் பழங்களையும் அவற்றின் இலைக் கசாயத்தையும் நிறையச் சாப்பிட்டவர்களோடு அதைத் தொடர்புபடுத்தியது. அதில் உள்ள அனோனாசின் என்ற பொருள் நரம்புச் செல்லைக் கொல்லும் என்பதை ஆய்வுக்கூடத்திலும் பார்த்திருக்கிறார்கள். அதுதான் காரணம் என்று முடிவாக நிரூபணம் ஆகவில்லை. சந்தேகம் இருக்கும்போது எதற்கு வம்பு? எங்கள் வீட்டுக்கும் ஒரு பை நிறைய அந்த இலை வந்தது. தேக்கா சந்தையிலிருந்து ஆசையாக வாங்கி வந்திருந்தார்கள். வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் போனதும் குப்பையில் போட்டேன்.

பிப்ரவரி 10, இரவு
ஒரு குடம் முள்சீத்தா சாறு குடித்தவர் இந்த இழையில் பதறிப்போய் எழுதியிருக்கிறார். எப்போதாவது காப்பிக்கடையில் ஒரு கிளாஸ் குடிப்பதைப் பற்றி நான் சொல்லவில்லை. தூங்குங்கள்.

பிப்ரவரி 14
காத்திருப்பது என்றால் எப்படி, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவதா என்று வாசகி கேட்கிறார். கூடாது. அது அவர்களுக்கும் பாரம்.

இதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் வீட்டு இந்தோனேசியப் பணிப்பெண். நான் கேட்கும் விதம் இப்படி: "அம்மா, தோசையா இட்லியா? தோசையா? சரி, இட்லி தரவா? பசிக்கலையா?" எல்லாம் ஒரே மூச்சில். அவர் மலாயில் ஒரு கேள்வி கேட்பார், அப்புறம் துணி மடிக்கப் போய்விடுவார். சட்டை, துண்டு, கைலி என்று ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டே இருப்பார். தலை நிமிர மாட்டார். பாதிக் கூடை முடியும்போது அம்மாவிடமிருந்து மெதுவாக, மூக்கால் வருவதுபோல ஒரு குரல் வரும்: "தோசை." அவர் மடித்த துணியைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து போவார். இவ்வளவுதான்.

முதலில் எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்ற மகளுக்குச் சொல்லாததை அவரிடம் சொல்கிறாரே என்று. தமிழ் போய் மலாய் மட்டும் மிஞ்சிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு நானும் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன். எனக்கும் பதில் வந்தது, தமிழில்தான்.

பிப்ரவரி 15
அக்கா இதைப் படித்துவிட்டு ஜோகூர் பாருவிலிருந்து கூப்பிட்டாள். "உனக்கு வெங்காயம், எனக்கு என்ன இருந்தது?" என்றாள்.

அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லையை மூடினார்கள். காஸ்வே கடற்பாலத்தின் அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அம்மா. முன்பெல்லாம் ஒவ்வொரு ஞாயிறும் பேருந்தேறி வந்துவிடுவாள். வீடியோ அழைப்பில் "அம்மா, நான் பேசறேன்மா, தெரியுதா?" என்பாள். திரையில் அசையாத ஒரு முகம். கொஞ்ச நேரம் பார்ப்பாள், அழுவாள், "அம்மா தூங்கட்டும்" என்று வைத்துவிடுவாள். அவள் வைத்த பிறகு அம்மா "தெரியுது" என்பார், காலித் திரையைப் பார்த்து.

அப்புறம் நான் ஒரு வழி செய்தேன். அவள் வைத்ததும் கைப்பேசியில் பதிவு பட்டனை அழுத்தி அம்மா பக்கத்தில் வைத்துவிடுவது. என்ன வருகிறதோ அதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவது. பாதிக்குமேல் காற்றாடிச் சத்தமும் ஒலி 96.8 வானொலிப் பாட்டும்தான் இருக்கும். நடுவில் அம்மா. ஒரு தடவை "பிள்ளை படிக்கிறானா" என்று வந்தது. அக்கா மகன் அந்த வருடம் எஸ்பிஎம் என்ற மலேசியப் பள்ளியிறுதிப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதை நாங்கள் யாரும் அம்மாவுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

உங்கள் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 16
அக்கா திருத்தச் சொல்கிறாள்: "படிக்கிறானா" இல்லையாம், "படிக்கிறானாடி" என்று வந்ததாம். அந்தப் பதிவை அவள் இன்னும் வைத்திருக்கிறாள், அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

பிப்ரவரி 18
எல்லாம் அழுகைதான் என்று நினைக்காதீர்கள். கைதட்டல் சோதனை என்று ஒன்று உண்டு. மருத்துவர் மூன்று முறை தட்டிக் காட்டி, "இதேபோல் மூன்று தடவை வேகமாகத் தட்டுங்கள்" என்பார். இந்த நோய்க்காரர்கள் பலருக்கு நிறுத்த வராது, தட்டிக்கொண்டே போவார்கள். அம்மாவும் தட்டினார். தட்டினார், தட்டினார், நிறுத்தவில்லை. கூட வந்திருந்த தம்பி மகள் ஏதோ பஜனை என்று நினைத்து அவளும் சேர்ந்து தட்ட, மருத்துவர் சிரித்துவிட்டார். அப்போது அம்மாவும் சிரித்தார், ஆனால் நாங்கள் காரில் ஏறிய பிறகு.

சிரிப்பும் அழுகையும் தவறான நேரத்தில் வரும், அதற்கும் தயாராக இருங்கள். ஒரு சாவு வீட்டில் அம்மா சிரித்ததை எப்படிச் சமாளித்தோம் என்று கேட்காதீர்கள்.

பிப்ரவரி 21
வீட்டு விஷயங்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு, ஞாபகம் வருகிற வரிசையில்.

கீழே பார்க்க முடியாதவர் தட்டில் இருப்பதைப் பார்க்க முடியாது. அம்மா சோற்றை அளைந்து சிந்தியதற்குக் கை நடுக்கம் காரணமென்று நினைத்திருந்தோம், நடுக்கமே கிடையாது. பெரிய மைலோ டின்னைக் கவிழ்த்து அதன்மேல் தட்டை வைத்தோம். தட்டு நெஞ்சுக்கு நேராக வந்ததும் பாகற்காயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். முன்பும் அதைத்தான் ஒதுக்குவார்.

படி இறங்குவது ஆபத்து. தரையில் பாய், சின்ன கம்பளம் எதுவும் வேண்டாம். நாற்காலியிலிருந்து திடீரென்று விருட்டென எழுவார்கள், எழுந்த வேகத்தில் பின்னால் சாய்வார்கள். "எழுந்திரிக்காதீங்கம்மா" என்று ஆயிரம் முறை சொன்னாலும் அது நிற்காது. பிடிவாதம் இல்லை, தடுக்கும் பகுதி வேலை செய்வதில்லை. கழிவறையில் கைப்பிடி, வழுக்காத தரைக்கு வீவகவின் (அரசு வீடமைப்புக் கழகம்) ஈஸ் திட்டத்தில் விண்ணப்பியுங்கள். குடிமக்களுக்குச் செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கும்.

எழுத்துப் பலகை. பேச்சு சிகிச்சையாளர் ஆங்கில எழுத்துப் பலகை கொடுத்தார், அம்மாவுக்கு ஆங்கிலம் எழுத வராது. தமிழில் 247 எழுத்தையும் கட்டம் போட்டால் சுவர்தான் தேவைப்படும். பதினெட்டு மெய்யெழுத்தை மட்டும் ஒரே நீள வரிசையில் கண்ணுக்கு நேராக ஒட்டினோம், மேலும் கீழுமாக அடுக்கினால் அவரால் பார்க்க முடியாதே. 'க்' என்பதைக் காட்டினால் காப்பி, கழிவறை, கதவு என்று நாங்கள் அடுக்குவோம். கட்டைவிரலை உயர்த்தினால் ஆம். நோய் முற்றிய பிறகு பலகை போய்விட்டது, விரல் மட்டும் மிஞ்சியது.

பிப்ரவரி 22
ரசத்தைக் கெட்டிப்படுத்துவது எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள்! விழுங்கத் தடுமாறுபவர்களுக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும் எதுவும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால்தான் நிமோனியா என்ற நுரையீரல் சளிக்காய்ச்சல் வருகிறது, இந்த நோயில் உயிரை எடுப்பது பெரும்பாலும் அதுதான். ரசம், காப்பி, தண்ணீர் எல்லாவற்றிலும் கெட்டியாக்கும் பொடி கலக்க வேண்டும். எந்த அளவு என்று பேச்சு சிகிச்சையாளர் சொல்வார். அம்மாவுக்கு இரண்டாம் நிலை. 10 மில்லி ஊசிக்குழாயில் நிரப்பி, பத்து விநாடி ஒழுகவிட்டால் 4 முதல் 8 மில்லிவரை உள்ளே நிற்க வேண்டும். அடுப்படியில் ரசத்தை ஊசிக்குழாயில் ஏற்றிக் கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நிற்பேன். தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணி, ரசத்துக்கு ஊசி போடறீங்களா?" என்றாள்.

மாவுச்சத்துப் பொடியானால் வைக்க வைக்க இறுகும், எச்சில் பட்டால் இளகும். சாந்தன் கம் பொடி அப்படியே நிற்கும். தாதியாக வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் சேர்க்கச் சொன்னது: ரசத்தைக் கட்டாயம் வடிகட்ட வேண்டும், ஒரு கடுகு போதும் புரையேற. ருசி? பாதிதான். புளியைக் கொஞ்சம் தூக்கலாக விடுங்கள்.

பிப்ரவரி 27
பணம் பற்றிச் சுருக்கமாக. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, நடப்பது, எழுந்து மாறி உட்காருவது: இந்த ஆறில் மூன்று முடியாது என்று மதிப்பீட்டாளர் சான்று தந்தால் எல்டர்ஷீல்டு என்ற முதியோர் பராமரிப்புக் காப்பீட்டுப் பணம் கிடைக்கும். அம்மாவிடம் இருந்தது பழைய திட்டம், மாதம் 300 வெள்ளி (டாலர்), ஐந்து வருடம்வரை. இல்லப் பராமரிப்பு மானியம் எங்களுக்கு 200 வெள்ளியாக இருந்தது, 2023 மார்ச்சில் வருமானத்தைப் பொறுத்து 400 வரை உயர்த்தினார்கள். பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 க்குப் பதில் 60 வெள்ளி. சோம்பல்படாமல் எல்லாவற்றுக்கும் எழுதிப் போடுங்கள்.

மார்ச் 5
வாசகி தனிமடலில் கேட்டதை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். வயிற்றுக் குழாய் வைப்பதா வேண்டாமா.

அம்மாவிடமே கேட்டோம், விழுங்குவது மோசமாவதற்கு முன்பே. முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்று மருத்துவமனையில் ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொள்வார்கள். தம்பிக்கு அதில் உடன்பாடில்லை. "அம்மாகிட்ட போய் இதைக் கேப்பியா?" என்று சத்தம் போட்டான். நான் கேட்டேன். பிறகு சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எழுத வந்த பெண்மணியும் விஷயம் தெரிந்தவர், பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் கட்டைவிரல் கீழே போனது. சந்தேகத்துக்கு இடம் வேண்டாமென்று அவர் கேள்வியை மாற்றிக் கேட்டார்: "குழாய் இல்லாமல் வாயாலேயே, முடிந்தவரைக்கும், அப்படியா?" விரல் மேலே வந்தது.

தம்பி எழுந்து வெளியே போய்விட்டான். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை. 2022 இல் கடைசிச் சளிக்காய்ச்சல் வந்தபோது மருத்துவமனையில் அவனே அந்தத் தாளை எடுத்துக் காட்டினான். எல்லை ஏப்ரலில் முழுசாகத் திறந்திருந்தது, அக்காவும் வந்துவிட்டாள். வீட்டில் வைத்துத்தான் போனார்.

உங்கள் அம்மா வேறு மாதிரி சொல்லலாம். குழாய் வைத்துக்கொண்டு நன்றாக இருந்தவர்களும் உண்டு. எது என்று நான் சொல்ல மாட்டேன். அவரைக் கேளுங்கள், கேட்க முடிகிறபோதே.

மார்ச் 11
மூளை தானம் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நம் ஊரில் 2019 இல் மூளை வங்கி தொடங்கியிருக்கிறார்கள், லீ கொங் சியான் மருத்துவப் பள்ளியில். உறுப்பு மாற்றுச் சட்டத்தில் வருவது சிறுநீரகம், கல்லீரல், இதயம், விழிவெண்படலம் நான்கும்தான். மூளைக்குத் தனியாக ஒப்புதல் தர வேண்டும். பிஎஸ்பி என்பது உறுதியாகத் தெரிவதே இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான். அதுவரை "அநேகமாக பிஎஸ்பி" என்றுதான் எழுதுவார்கள்.

நாங்கள் கொடுக்கவில்லை. தம்பியும் அக்காவும் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. எனக்கு இன்னும் இரண்டு மனசுதான். இதை மட்டும் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அக்காவுக்கும் எனக்கும் இப்போதும் வாக்குவாதம் நடக்கும். தொழிற்சாலையில் கெட்டுப்போன சில்லை ஒதுக்கும்போது ஏன் கெட்டது என்று பார்க்காமல் விடமாட்டார் என்பது என் கட்சி. "அம்மா என்ன சில்லா?" என்பது அவள் கட்சி.

மார்ச் 12
சக்கர நாற்காலி இன்னும் இருக்கிறதா என்று கேட்ட ஈசூன்காரருக்கு: இருக்கிறது. பின்னால் சாய்க்கக்கூடிய வகை, தலைக்கு அணை உண்டு, இந்த நோய்க்கு அதுதான் வசதி. இடது பக்க பிரேக் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, இறுக்கிக்கொள்ளுங்கள். பணம் ஒன்றும் வேண்டாம். சனிக்கிழமை காலையில் வந்தால் தம்பி இருப்பான், வண்டியில் ஏற்றிவிடுவான். வேன் கொண்டுவாருங்கள், சின்ன காரில் ஏறாது. திறக்காத கெட்டிப்பொடி டின் இரண்டும் கிடக்கின்றன. தேதி முடிந்துவிட்டது, அதைக் கேட்காதீர்கள்.